மத்திய ஆசியா: குழாயும் தண்டவாளமும் யார் கையில்? – கேள்வி பதில்

கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான். இந்த ஐந்து நாடுகளில் ரஷ்யாவும் சீனாவும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே உரசிக்கொள்கின்றன என்று கேட்டு வந்தவற்றுக்குப் பதில்கள் இவை. உக்ரைன் போர்க்களம், தைவான் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கோவை வாசகர்: ரஷ்யா காவல் காக்கிறது, சீனா பணம் போடுகிறது, இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்கிறார்களே, சரியா?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஓரளவு சரி. இன்று அதை வைத்துக்கொண்டு எதையும் விளக்க முடியாது.

காவல் பக்கம் ரஷ்யாவிடம் இன்னும் நிறைய இருக்கிறது. தஜிகிஸ்தானில் 201ஆவது ராணுவத் தளம், 2042 வரை. கிர்கிஸ்தானில் காந்த் விமானத் தளம், 2003 முதல். கசகஸ்தானில் பைகோனூர் ஏவுதளம், ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் குத்தகைக்கு, 2050 வரை. 2022 ஜனவரியில் எரிவாயு விலை உயர்வால் கசகஸ்தானில் கலவரம் வெடித்தபோது ஜனவரி 6 அன்று படைகளோடு இறங்கியது ரஷ்யத் தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு அமைப்புதான். இரண்டு வாரத்துக்குள் திரும்பியும் போனது. சீனா அப்போது ஆதரவு அறிக்கையோடு நின்றது.

ஆனால் ஆப்கான் எல்லையை ஒட்டிய பதக்‌ஷானில், சீனப் பணத்தில் காவல் படைக்கு முகாம் கட்ட 2021இல் தஜிக் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. காவலிலும் சீனா கால் வைத்துவிட்டது. மறுபக்கம், பணத்தில் ரஷ்யாவுக்குப் பிடி இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. கசகஸ்தானின் எண்ணெய் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு ரஷ்ய மண்ணைக் கடந்து கருங்கடலில் நொவொரொசீஸ்க் அருகே கப்பலேறுகிறது. தஜிகிஸ்தானில் ரஷ்யாவில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டு வருமானத்தில் பாதியை நெருங்குகிறது. 2024 மார்ச் 22 மாஸ்கோ குரோக்கஸ் அரங்கத் தாக்குதலில் தஜிக் நாட்டவர் பிடிபட்ட பிறகு ரஷ்யா குடியேறிகள் மீது கெடுபிடி காட்டியபோது, அந்தச் சுமை நேராகத் தஜிக் குடும்பங்களின் அடுப்பில் விழுந்தது.

ஆகவே யாருக்குச் செல்வாக்கு என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த வால்வு, எந்தத் தண்டவாளம், எந்தச் சம்பளம் என்று கேளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: துர்க்மென் எரிவாயு ரஷ்யா கையிலிருந்து சீனாவுக்கு எப்படிப் போனது?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

சோவியத் காலத்தில் போட்ட ‘மத்திய ஆசியா–மையம்’ குழாய்கள் வடக்கே ரஷ்யாவை நோக்கி மட்டும்தான் ஓடின. வாங்குபவர் ஒருவரே என்றால் விலையும் அவர் சொன்னதுதான். 2009 ஏப்ரலில் அந்தக் குழாய் வெடித்தது. ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் முறையாக முன்னறிவிப்புத் தராமல் எடுக்கும் அளவைச் சட்டென்று குறைத்துவிட்டது என்பது துர்க்மெனிஸ்தானின் குற்றச்சாட்டு. ரஷ்யா அதை ஏற்கவில்லை. குழாய் வேலை தெரிந்தவர்களுக்குக் குற்றச்சாட்டின் தர்க்கம் புரியும்: ஒரு முனையில் கம்ப்ரஸர் தள்ளிக்கொண்டே இருக்க, மறுமுனையில் எடுப்பது நின்றால் நடுவில் அழுத்தம் ஏறும், பழைய குழாயில் பலவீனமான இடம் பிய்த்துக்கொள்ளும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பாவில் விலையும் தேவையும் விழுந்ததால், அதிக விலைக்கு ஒப்புக்கொண்ட துர்க்மென் வாயு காஸ்ப்ரோமுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் பின்னணி.

அதே ஆண்டு டிசம்பரில் துர்க்மெனிஸ்தானிலிருந்து உஸ்பெக், கசக் மண் வழியாகச் சீன எல்லையில் உள்ள ஹோர்கோஸ் வரை சீனக் குழாய் திறந்தது. ஏ, பி, சி என்று மூன்று வரிசை, மொத்தக் கொள்ளளவு ஆண்டுக்கு 5,500 கோடி கன மீட்டர். 2016 ஜனவரியில் காஸ்ப்ரோம் துர்க்மென் வாயு வாங்குவதையே நிறுத்தியது. மூன்று ஆண்டு கழித்துத்தான், சிறிய அளவில், மறுபடி தொடங்கியது. ஒரே வாங்குபவரிடமிருந்து தப்பி ஓடிய நாடு இன்னொரு ஒரே வாங்குபவரிடம் போய் நின்றது. இது துர்க்மெனிஸ்தானுக்கு நடந்த பெரிய நஷ்டம். தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் வழியாக 3,000 கோடி கன மீட்டர் என்று திட்டமிட்ட டி வரிசை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பதற்கு, சீனாவுக்கு அவசரம் இல்லை என்பதே முக்கியக் காரணம்.

2023 அக்டோபரில் இன்னொரு திருப்பம். வடக்கே தள்ளிய அதே பழைய குழாய்கள் தெற்கே திருப்பப்பட்டு, ரஷ்ய வாயு கசகஸ்தான் வழியாக உஸ்பெகிஸ்தானுக்கு வரத் தொடங்கியது. தொடக்க ஒப்பந்த அளவு ஆண்டுக்கு 280 கோடி கன மீட்டர். திருப்புவது வால்வைத் திறந்து மூடும் வேலை அல்ல. கம்ப்ரஸர் நிலையத்தில் வாயு நுழையும் வாயும் வெளியேறும் வாயும் இடம் மாறும்படி குழாய் இணைப்பை மாற்ற வேண்டும். எல்லையில் அளவு எடுக்கும் நிலையத்தை எதிர்த்திசைக்குச் சரிசெய்ய வேண்டும், இரு தரப்பும் அந்த மீட்டரை ஏற்க வேண்டும். சீனாவுக்கு வாயு விற்பதாக ஒப்பந்தம் போட்ட உஸ்பெகிஸ்தான், தன் வீடுகளைச் சூடாக்க ரஷ்யாவிடம் வாங்குகிறது.

திருநெல்வேலி, ஈரோடு, யாழ்ப்பாணம் வாசகர்கள்: கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் இன்னொரு அம்பாந்தோட்டை ஆகுமா?

மூவருக்கும் சேர்த்துப் பதில். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் 2017இல் நடந்தது சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, 112 கோடி டாலருக்கு. இங்கே நடப்பது வேறு மாதிரி.

தஜிகிஸ்தானில் துஷன்பே-2 அனல்மின் நிலையத்தைக் கட்டிக்கொடுத்த சீன நிறுவனத்துக்குத் தங்கச் சுரங்க உரிமம் கொடுத்து ஈடுகட்டினார்கள். துறைமுகம் இல்லாத நாட்டில் கனிமம்தான் கைமாறுகிறது. கிர்கிஸ்தானில் பிஷ்கெக் அனல்மின் நிலையப் புதுப்பிப்புக்குச் சீன எக்சிம் வங்கிக் கடன் 38.6 கோடி டாலர். வேலை முடிந்த அடுத்த குளிர்காலம், 2018 ஜனவரியில், கடுங்குளிரில் நிலையம் பழுதாகி நகரமே நடுங்கியது. கணக்கைப் புரட்டியபோது ஒரு குறடு 320 டாலர் என்று வந்தது. முன்னாள் பிரதமர்கள் இருவர் சிறைக்குப் போனார்கள். போட்டி டெண்டர் இல்லாமல் கடன் கொடுப்பவரே ஒப்பந்தக்காரரையும் காட்டும்போது உள்ளூர் அதிகாரியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் குறடு ஒன்றே போதும்.

எச்சரிக்கை: தஜிகிஸ்தான் கடனுக்காக நிலம் கொடுத்தது என்று சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கைமாறியது உண்மை. அது 2002 எல்லை உடன்பாடு, 2011இல் ஒப்புதல் ஆனது. சீனா உரிமை கோரியது ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர்.

திருச்சி வாசகர் (ரயில்வே பணிமனை): சீனா–கிர்கிஸ்தான்–உஸ்பெகிஸ்தான் ரயில்பாதையில் கேஜ் மாற்றத்தை ஏன் நடுவழியில் வைக்கிறார்கள்? நாம் மீட்டர் கேஜை மாற்றியது போல மாற்றிவிட்டால் போகிறது. இதில் அரசியல் ஒன்றும் இல்லை, தொழில்நுட்பம்தான்.

கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். சீன கேஜ் 1435 மி.மீ., பழைய சோவியத் கேஜ் 1520. வித்தியாசம் 85 மி.மீ. சீனாவின் காஷ்கரில் புறப்படும் பாதை எல்லையில் உள்ள தொருகார்ட் கணவாய் வழியாகக் கிர்கிஸ்தானின் மக்மால் வரை 1435, அங்கிருந்து கிர்கிஸ்தானின் ஜலாலாபாத், உஸ்பெகிஸ்தானின் ஆந்திஜான் வரை 1520. சரக்கு மக்மாலில் மாறும். எல்லையிலேயே மாற்றலாமே என்றால், தொருகார்ட் 3,752 மீட்டர் உயரம். அந்தப் பனியில் கிரேனும் ஆளும் ஆண்டு முழுக்க வேலை செய்ய முடியாது. இதுவரை உங்கள் பக்கம்.

ஆனால் 1435ஐ நேராக ஆந்திஜான் வரை போட்டால், கிர்கிஸ்தானின் மற்ற பாதைகளோடு அது ஒட்டாது. சீன வண்டிக்கு வழிவிடும் நிலமாக மட்டும் நாடு நின்றுவிடும் என்ற பயம் பிஷ்கெக்கில் இருபது ஆண்டுக்கு மேல் பேசப்பட்டது. 1990களில் தொடங்கிய பேச்சு 2024 ஜூனில்தான் ஒப்பந்தமானது. இது அரசியல் இல்லாமல் வேறென்ன?

அதே வாசகர்: மூன்றாவது தண்டவாளம் போட்டு இரண்டு கேஜும் ஓட்டலாமே? நம் ஊரில் ஓட்டியிருக்கிறோம்.

மீட்டர் கேஜுக்கும் நம் அகலப்பாதையின் 1676க்கும் வித்தியாசம் 676 மி.மீ., அதனால் இடம் இருந்தது. இங்கே 85. கனமான தண்டவாளத்தின் அடிப்பாகமே 150 மி.மீ. அகலம். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நான்கு தண்டவாளம் தேவை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு பாயிண்டும் (தடம் பிரியும் இடம்) சிக்கலாகும், பராமரிப்பும் கூடும். ஒரு பாலத்துக்கு, ஒரு நிலையத்துக்குச் சரி. மலைப்பாதை முழுக்க யாரும் செய்ய மாட்டார்கள்.

அதே வாசகர்: அப்படியானால் தாமதத்துக்குக் கேஜ்தானே காரணம்?

இல்லை, இங்கேதான் மாறுபடுகிறேன். ஹோர்கோஸில் இரண்டு ரயிலும் கிரேனுக்குக் கீழே பக்கம் பக்கமாக நிற்கும். கன்டெய்னரைத் தூக்கி மறுபக்கம் வைப்பார்கள். மீட்டர் கேஜ் காலத்தில் மூட்டை மூட்டையாகத் தோளில் மாற்றியதோடு இதை ஒப்பிடக் கூடாது. நெரிசல் வேறு இடத்தில் வருகிறது: 1520 பக்கம் காலி பிளாட்பார வேகன் இல்லாமல் போவது, மேற்கே நிறைந்து போன கன்டெய்னர் காலியாகத் திரும்பாமல் தேங்குவது, சரக்குச் சீட்டில் ஒரு எடை, சுங்கத் தாளில் வேறு எடை. கசக்–சீன எல்லையின் மற்றொரு கடவையான தோஸ்திக்–அலஷான்கோ பக்கம் இன்னொன்று: துங்காரியக் கணவாய்க் காற்று பலமாக அடித்தால் கிரேனை நிறுத்தியே ஆக வேண்டும்.

சேலம் வாசகர்: நடுவில் ஒரு கேள்வி. ரஷ்யா இந்தப் பாதையை ஏன் தடுக்கவில்லை?

நீண்ட காலம் ஆர்வம் காட்டவில்லை. தன் மண்ணைத் தொடாமல் விலகிப் போகும் வழி அது. உக்ரைன் போருக்குப் பிறகு தடுக்கும் நிலையில் இல்லை. புதின் ஆட்சேபிக்கவில்லை என்று கிர்கிஸ் அதிபர் ஜபாரோவ் 2022 மே மாதம் வெளிப்படையாகச் சொன்னார்.

மதுரை வாசகர்: இந்த ரயில் கடனும் அம்பாந்தோட்டைதானா?

மேலே பாருங்கள். கூட்டு நிறுவனத்தில் சீனாவுக்கு 51 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 24.5. திட்டமதிப்பு 470 கோடி டாலர், அதில் பாதி சீனக் கடன். கவனிக்க வேண்டியது அந்த 51.

சென்னை வாசகர்: 2023இல் சீனா–கசகஸ்தான் வர்த்தகம் 4,100 கோடி டாலரா, 3,150 கோடியா? இரண்டும் படித்தேன்.

முதலாவது சீனச் சுங்கம், இரண்டாவது கசகஸ்தான். இரண்டாவது எச்சரிக்கை இது: யாருடைய சுங்கக் கணக்கு என்று தெரியாமல் ஒரு எண்ணையும் மேற்கோள் காட்டாதீர்கள். கிர்கிஸ்தானில் இடைவெளி இன்னும் பெரிது. அதே ஆண்டு சீனக் கணக்கு கிட்டத்தட்ட 2,000 கோடி டாலர், கிர்கிஸ் கணக்கு சுமார் 550 கோடி. குறைத்துக் காட்டும் லாரிச் சரக்கும், கிர்கிஸ்தான் வழியாக ரஷ்யாவுக்கு நழுவும் சரக்கும் அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன.

தஞ்சாவூர் வாசகர்: விளாதிவஸ்தோக்கைச் சீனா திரும்பக் கேட்குமா?

1860 பீக்கிங் உடன்பாட்டில் போன நிலம். எல்லை 2004இல் முடிவானது, 2008இல் தீவுகள் கைமாறின. 2023இல் சீன வரைபடம் ஒன்று போல்ஷோய் உசூரிஸ்கி தீவு முழுவதையும் தன்னுடையதாகக் காட்டியது. ரஷ்யா பிரச்சினை இல்லை என்று சொல்லி நகர்ந்தது. அதே ஆண்டு ஜூன் 1 முதல் ஜிலின் மாநிலச் சரக்கு விளாதிவஸ்தோக் துறைமுகம் வழியாக உள்நாட்டுச் சரக்கு போலப் போகிறது. துறைமுகம் பயன்படும்போது நிலத்தைக் கேட்டுச் சண்டையிட அவசியம் இல்லை.

வேலூர் வாசகர்: பிஷ்கெக்கில் என் தங்கை மருத்துவம் படிக்கிறாள், பாதுகாப்பா?

வெளிநாட்டு மாணவர்கள் மீதான 2024 மே மாதத் தாக்குதலை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். இதற்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புதான் சரியான இடம். தங்கையின் பெயரை அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

திருச்சி வாசகர்: கடைசியாக ஒன்று. கசகஸ்தான் அணுமின் நிலையம் ரஷ்யாவுக்கா சீனாவுக்கா?

இருவருக்கும். 2024 அக்டோபர் 6 வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் சரி என்றார்கள். சோவியத் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த செமெய் சோதனைத் தளத்தின் நினைவு உள்ள நாட்டில் அது எளிதான வாக்கு அல்ல. 2025 ஜூனில் பல்காஷ் ஏரிக்கரை உல்கனில் முதல் நிலையத்துக்கு ரஷ்ய அரசு அணு நிறுவனமான ரொசாட்டமைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்ததைச் சீன நிறுவனத்துக்கு என்று அறிவித்தார்கள். உலக யுரேனியத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் தோண்டுகிற நாடு, இரண்டு பேரையும் வரிசையில் நிற்க வைத்திருக்கிறது. இனி பார்க்க வேண்டியது எரிபொருள் ஒப்பந்தம்: யுரேனியத்தைச் செறிவூட்டிக் கம்பியாக்கி யார் கொடுக்கிறார், எத்தனை ஆண்டுக்கு என்பது.