தோல் வாங்க வந்த 'பார்ட்டி': வேஷம் போட்டுப் பிடிப்பது நியாயமா?

வேட்டைக் கும்பல்களை வியாபாரி வேஷத்தில் போய்ப் பிடிக்கும் முறை பற்றி வந்த கேள்விகளுக்கு, வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

சட்டக் கல்லூரி மாணவி: சார், தந்தம் வாங்குவது போல நடிப்பது, குற்றத்தை நாமே தூண்டிவிட்டு நாமே கைது செய்வது ஆகாதா?

ஆகலாம்மா. எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. லஞ்ச ஒழிப்புக்காரர்கள் பொறி வைத்தால் கைமாறுவது ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டு. எங்கள் பொறி பிசகினால் ஒரு சிறுத்தை செத்துப்போகும். "கையில் இருக்கும் சரக்கைக் காட்டு" என்று கேட்கலாம். "பெரிய தோலாக வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன், விலை ஒரு பொருட்டே இல்லை" என்றால் அது ஆர்டர். அதை நம்பி எவனாவது காட்டுக்குள் சுருக்குக் கம்பி கட்டினால், அந்தச் சாவில் நமக்கும் பங்கு உண்டு. கேஸ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதை நான் ஏற்கமாட்டேன்.

காண்டாமிருக வேட்டையால் நொந்துபோன தென்னாப்பிரிக்காவில் இதற்குத் தனிச் சட்டப் பிரிவே உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 252ஏ. குற்றம் செய்ய வாய்ப்பு கொடுப்பதோடு அதிகாரி நின்றுகொள்ள வேண்டும். அதைத் தாண்டினாரா என்று பார்க்க, எத்தனை முறை வற்புறுத்தினார், என்ன ஆசை காட்டினார் என்பதையெல்லாம் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். நம் நாட்டில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது. அதனாலேயே பேரத்துக்குப் போகும் அதிகாரியின் மனசாட்சிக்கு வேலை அதிகம்.

பள்ளி ஆசிரியர்: காட்டும் தோல் பழையதா, புதிதா என்று அங்கேயே தெரியுமா?

பெரும்பாலும் தெரிந்துவிடும். லாட்ஜ் ரூமில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உதறிப் போடுவார்கள். உட்புறத்தைப் பாருங்கள். புதுத் தோல் என்றால் உப்புக்கல் ஒட்டியிருக்கும், கொழுப்பு சரியாக வழிக்காமல் திட்டுத் திட்டாக இருக்கும், கத்தி நழுவிய கீறல்கள் இருக்கும். வாடை தனி. கழுத்தைச் சுற்றி ரோமம் அறுபட்ட கோடு தெரிந்தால் சுருக்குக் கம்பி வேலை. நகங்களும் மீசையும் பல சமயம் இருக்காது, அவற்றைத் தனியாக விற்றிருப்பார்கள்.

ஜமீன் காலத்து வேட்டைச் சின்னம் வேறு மாதிரி. நன்றாகப் பதனிட்டு, அடியில் துணி தைத்து, தலையில் கண்ணாடிக் கண் வைத்திருக்கும். மைசூரு வான் இங்கென் கம்பெனியில் பாடம் செய்தவை இன்றும் பழைய பங்களாக்களில் தொங்குகின்றன. (உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருந்தால் அதுவும் குற்றம்தான், தாத்தா சுட்டது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.)

ஈரம் காயாத தோலைப் பார்த்தால் அதிகாரி தன் போன் பேச்சை நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் கேட்பதற்கு முன்பே செத்ததா, கேட்ட பிறகா? பேரப் பேச்சை முதல் அழைப்பிலிருந்தே பதிவு செய்யச் சொல்வது இதனால்தான். பறிமுதலை எழுதிவைக்கும் மகஜரில் எடையும் நீளமும் ஏறும், இந்தக் கேள்வி ஏறாது.

கூடலூரிலிருந்து ஒரு வாசகர்: மாட்டுவதெல்லாம் சுமந்துவரும் ஏழைகள்தானே, ஐயா?

உண்மை. புலி, சிறுத்தை, யானை போல வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூலிக்குப் பை தூக்கியவனுக்கும் முதலாளிக்கும் ஒரே பிரிவு. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லை என்று 2005-ல் நாடு அதிர்ந்தபோது, அதே ஆண்டு டெல்லியில் சிக்கிய சன்சார் சந்த் போன்ற பெரும்புள்ளி காட்டில் துப்பாக்கியோடு அலைந்தவர் இல்லை, தோல் வியாபாரி. கீழே ஒருவனைப் பிடித்ததும் போட்டோ எடுத்துப் பேப்பருக்குக் கொடுத்துவிட்டால் மேலே இருப்பவன் போன் நம்பரை மாற்றிவிடுவான். அப்புறம் வேஷம் போட்டதில் என்ன பயன்?

வங்கி ஊழியர்: துப்பு கொடுப்பவருக்குப் பணம் தருவது சரியா?

வனவிலங்குச் சட்டத்தின் 60ஏ பிரிவின்படி அபராதத் தொகையிலிருந்து நீதிமன்றமே வெகுமதி கொடுக்கச் சொல்லலாம். தப்பில்லை. ஆனால் பணத்துக்காக ஆளைத் தயார் செய்து கூட்டிவரும் இன்ஃபார்மர்களும் உண்டு. "சார், ஒருத்தன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தால், யாரிடம், என்ன சொன்னாய் என்று முதலில் அவனைத்தான் குடைய வேண்டும்.

கல்லூரி மாணவர்: நாங்கள் நண்பர்களே கேமராவோடு வியாபாரி போலப் போகலாமா?

வேண்டாம் தம்பி. 2007-ல் டெல்லியில் ஒரு டிவி சேனல் போலி ஸ்டிங் காட்டி, ஒரு பாவமும் அறியாத பள்ளி ஆசிரியையைக் கூட்டம் அடிக்க வைத்தது. ஸ்டிங் செய்த தனிநபருக்குத் தானாகப் பாதுகாப்பு கிடையாது, அவர் நோக்கம் என்ன என்பது விசாரணையில்தான் தெரியும் என்று 2014-ல் ரஜத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தோலைக் கையில் வாங்கினால் நீங்களும் குற்றவாளிதான்.

அதே மாணவர்: அப்படியானால் யாராவது எங்களிடமே விற்க வந்தால்?

விலை கேட்காதீர்கள், முன்பணம் கொடுக்காதீர்கள், "இன்னொன்று கிடைக்குமா" என்று வாய் தவறியும் கேட்காதீர்கள். ஆள் அடையாளம், வண்டி நம்பர், சொன்ன இடம், இவற்றை மாவட்ட வன அலுவலரிடம் நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம், அந்த குரூப்பில் அவன் மச்சானும் இருப்பான்.