மட்கார்டில் சேறு

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வேலை சிறுசேரியில். காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். மூன்று வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு 48,000 ரூபாய்க்கு ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். நண்பர்களோடு ஏலகிரிக்கு ஒரு முறை, நாகலாபுரம் மலைப்பக்கம் ஒரு முறை போனதோடு சரி. இப்போது அது பால்கனியில் நிற்கிறது, துண்டு காயப்போட உதவுகிறது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் ஏதாவது கல்யாணம், இல்லையென்றால் பிள்ளைகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட். வடசென்னையில் மலையும் இல்லை, இருக்கிற ரோடெல்லாம் கன்டெய்னர் லாரி. மனைவிக்கு இதில் ஈடுபாடு இல்லை. இத்தனைக்கும் நடுவில் ஒழுங்காக நேரம் ஒதுக்குவது எப்படி? 29 இன்ச் சக்கரத்துக்கு மாறினால் பழைய ஆர்வம் திரும்புமா?

கே.

அன்புள்ள கே.,

"நேரம் ஒதுக்குவது எப்படி" என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எனக்கே தெரியாத வித்தை அது. ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் அப்பாவின் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். 29 இன்ச் வாங்கினால் அதிலும் துண்டு காயும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு, அதற்கு மவுண்டன் பைக்கே தேவையில்லை. கடல் காற்றில் மூன்று வருடம் நின்ற செயின் இந்நேரம் துருவேறியிருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், தேறாவிட்டால் புதிது போடுங்கள். கன்டெய்னர் லாரி விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளுக்கு நடுவே புகுந்து வீரம் காட்ட வேண்டாம்.

மலை இல்லை என்கிறீர்கள். இந்த விளையாட்டு பிறந்த கதை தெரியுமா? கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் 1930, 40களின் தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, தீயணைப்பு வண்டி போவதற்காக வெட்டிய மண் பாதையில் இறக்கினார்கள். 1976இல் அதைப் பந்தயமாக்கினார்கள். பின்சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி, கிரீஸ் எரிந்து புகையும். ஒரு தடவை இறங்கினால் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இதற்கென்றே செய்த சைக்கிளை அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் உருவாக்கியது 1977இல். அவர்களுக்கு மலை வீட்டு வாசலில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்குக் கடற்காற்று இருக்கிறது. எதிர்க்காற்றில் கடலோரமாக அரை மணி நேரம் மிதித்துப் பாருங்கள், தொடை மலை ஏறிவிடும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து மண்ணில் விடுங்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் விட்டிருப்பீர்களே, கால் ஊன்றாமல் கடைசியாக வருபவன் ஜெயிப்பான். மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வது அதே வித்தையைத்தான். உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கே போதும்.

இனி அப்பாவின் சைக்கிள்.

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். அப்பாவுக்கு எண்ணூரில் ஒரு கம்பெனியில் மூன்று ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். கேட்டைத் தாண்டி வீட்டுக்குத் தெற்கே திரும்ப வேண்டியவர் வடக்கே திரும்புவார். முகத்துவாரம் வரை போவார். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அங்கே சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை உண்டு. மழை பெய்தால் களிமண், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்த நிலம். கம்பி பிரேக் போட்ட, இருபது கிலோ கனமுள்ள சைக்கிளை அதில் ஓட்டுவார். ஒரு கோடை விடுமுறையில் என்னை முன் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். சக்கரம் சேற்றில் புதைந்தது, இரண்டு பேரும் விழுந்தோம். ராத்திரி முழுக்க மிஷின் பக்கத்தில் நின்ற மனிதர், சேற்றில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை.

இதைப் பல வருடம் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். உழைப்பாளி தனக்கென்று திருடிக்கொண்ட நாற்பது நிமிடம் என்றெல்லாம் அலங்காரமாக. கைதட்டுவார்கள். அம்மா ஒருமுறை அந்தப் பேச்சை செல்போனில் கேட்டுவிட்டு, "அந்த நாப்பது நிமிசம் நான் எங்க இருந்தேன்னு கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை, கே. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை. அம்மா அடிபம்பில் இருந்தாள். விடிகாலை வரிசையில் எட்டுக் குடம், ஒரு கையில் என் தங்கை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க ஆகாது. அப்பா சைக்கிள் நேரத்துக்கு வந்தால் கேரியரில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டி நாலு நடையில் முடியும். வராத நாளில் அத்தனையும் இடுப்பில். அப்பா யாரிடமிருந்து திருடினார் என்று இப்போது சொல்லுங்கள்.

அவர் மாட்டிக்கொண்டது மட்கார்டில் ஒட்டியிருந்த சேற்றால். "கம்பெனியில இன்னா, சேத்துலயா மிஷின் ஓட்டுறீங்க?" என்றாளாம். அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மா சண்டை போடவில்லை. கணக்கு போட்டாள். நைட் ஷிப்ட் வாரத்தில் செவ்வாய், வியாழன் போய்க்கொள்ளலாம். மற்ற நாள் நேராக வந்து தண்ணீர் பிடிக்க வேண்டும். பதிலுக்கு, பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளைக்கு எங்கள் ஊர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன். பஸ் மாறி மாறி, தனியாக. அன்று சமையல் அப்பா. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அப்படி நாள் அமையும். அதையும் அவள் விட்டதில்லை, அவர் தடுத்ததும் இல்லை. "பக்தியா அம்மா?" என்று கேட்டேன். "பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு" என்றாள்.

திருட்டுத்தனமாகப் போனபோது அப்பா மாதத்துக்கு ஒரு தடவை போனதே அதிகமாம். கணக்கு போட்ட பிறகு ரிட்டயர் ஆகும் வரை அவருடைய செவ்வாயும் வியாழனும் தப்பவே இல்லை. யாரும் கல்யாணத்தை அந்த நாளில் நுழைக்கவில்லை. அம்மா நுழைய விடவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். சக்கரத்துக்கு ஒரு வரி, லாரிக்கு ஒரு வரி, மனைவிக்கு ஒரு வரி. "ஈடுபாடு இல்லை." எதில் ஈடுபாடு இல்லை? சைக்கிளிலா? ஏலகிரிக்குப் போன இரண்டு நாளும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? காலை ஏழரை முதல் இரவு ஒன்பது வரை நீங்கள் இல்லாத வீட்டில், அவருக்கென்று வாரத்தில் எந்த அரைமணி நேரம் இருக்கிறது? தெரியுமா உங்களுக்கு? அவரும் வேலைக்குப் போகிறாரா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை. இதே தப்பை மேடை போட்டுச் செய்தவன் நான்.

வாரத்தில் எந்த இரண்டு நாள் என்று அவரிடம் கேளுங்கள். பதிலுக்கு அவருக்கு எது வேண்டும் என்பதை அவர் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

சைக்கிளை இரும்புக்குப் போட அம்மா சம்மதித்துவிட்டாள், கேரியரை மட்டும் கழற்றித் தரச் சொல்கிறாள். நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. நேற்று ராத்திரி மண்ணெண்ணெய் விட்டு வைத்தேன். காலையில் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. இன்னொரு ராத்திரி ஊறட்டும்.