பழம்பொருள் கடை ஷோகேஸ் வேலை: கீழக்கரைத் தாயார் ஒருவருக்குப் பதில்

பிளஸ் டூ முடிக்கப்போகும் மகன் ‘விஷுவல் மெர்ச்சண்டைசிங்’, அதாவது கடையில் பொருளைக் கண்ணைக் கவரும்படி காட்சிக்கு வைக்கும் கலை, படிக்கப்போவதாகச் சொல்கிறான். துபாயில் இருக்கும் அவன் மாமாவோ, பழம்பொருள் கடை ஒன்றில் ஷோகேஸ் அடுக்க ஆள் வேண்டும், உடனே அனுப்பு என்கிறார். கடையில் சாமான் அடுக்கவா பிள்ளையைப் படிக்க வைத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வேலைக்கு அழகுணர்ச்சி பாதி போதும். வெயில், வறண்ட காற்று, தூசி, உப்பு ஆகிய நான்கும் எந்தப் பொருளை எப்படிக் கெடுக்கும் என்ற அறிவுதான் மீதிப் பாதி. துணிக்கடை ஷோகேஸில் வெளுத்த சட்டையைத் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். நூறு வருஷத்துக் கம்பளம் வெளுத்தால் போனது போனதுதான். அதைத் தெரிந்தவனுக்குத்தான் முதலாளி சாவியைக் கொடுப்பார். இந்த அறிவு இல்லாமல் இப்போதே விமானம் ஏறினால், உங்கள் மகன் அங்கே பெட்டி தூக்கும் ஆளாகவே இருந்துவிட வாய்ப்பு அதிகம்.

பாலைவன ஊரில் ஷோகேஸ் அமைப்பவர் முதலில் பார்ப்பது கண்ணாடி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை. மேற்குப் பார்த்த கண்ணாடிக்குக் கோடைப் பிற்பகல் எமன். தெற்குப் பார்த்ததற்குக் குளிர்காலம்தான் ஆபத்து, ஏனெனில் சூரியன் தாழ்ந்து வந்து வெயில் கடைக்குள் ஆழமாக விழும். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு முறை தரையில் வெயில் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அந்தக் கோட்டுக்குள் துணி, காகிதம், சாயமேற்றிய தோல் எதையும் வைக்காமல் இருக்க வேண்டும். இரண்டு தகட்டை ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதும் தடுக்கும். அதை நம்பிக் கம்பளத்தைத் தொங்கவிடுகிறவர்கள் பலர். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைத் தின்னும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அருங்காட்சியகங்களில் துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ், மரத்துக்கும் எண்ணெய் ஓவியத்துக்கும் 200 லக்ஸ் என்பது வழக்கமான வரம்பு. தெருவெளிச்சத்தோடு போட்டி போடும் ஷோகேஸில் 50 லக்ஸ் நடக்காது. அதனால் துணியைச் சில வாரங்களுக்கு மேல் வைக்காமல் மாற்றிவிட வேண்டும். மாற்றிய தேதியை நோட்டில் எழுதவும் வேண்டும். வளைகுடா ஊர்களில் கோடையில் ஜனம் நடமாடுவதே பொழுது சாய்ந்த பிறகு. பகல் 12 முதல் 4 வரை திரையை இறக்கிவிட்டால் வியாபாரம் குறையாது, பொருளும் பிழைக்கும்.

அடுத்தது மரம். ஜெய்சால்மரிலும் ரியாத்திலும் கோடைக் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். துபாயும் தோஹாவும் கடலோரம், வெளியே புழுக்கம். ஆனால் ஏசி காற்று உள்ளே வறட்சியைக் கொண்டுவரும். ஈரக் காற்றில் இருந்த தேக்குப் பெட்டி இப்படிப்பட்ட கடைக்கு வந்ததும் சுருங்கும், அதுவும் நாருக்குக் குறுக்கே. பலகை நான்கு பக்கமும் ஆணியில் இறுகியிருந்தால் சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளக்கும். பித்தளைக் குமிழ் ஆணி அடித்த பழைய அரபுப் பெட்டிகளில் வரும் வெடிப்புக்கு இது பெரிய காரணம். வந்த பெட்டியைக் கட்டுப் பிரிக்காமல் இரண்டு மூன்று வாரம் கடையின் உள்ளறையில் வைத்து, பிறகு மெல்லத் திறக்க வேண்டும். ஏசி வாய்க்கு நேரே எதையும் வைக்கக் கூடாது. இரவில் ஏசியை நிறுத்திக் காலையில் போடும் கடைகளில் சேதம் இன்னும் அதிகம், தினமும் மரம் ஒருமுறை விரிந்து சுருங்குகிறதே! ஷோகேஸுக்குள் ஈரப்பதமானி ஒன்று கட்டாயம். 45 முதல் 55 சதவீதம் நல்லது. அது முடியாத கடையில் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தாலே போதும்.

தூசி பற்றிச் சுருக்கமாக: பாலைத் தூசி பெரும்பாலும் நுண்மணல். ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளியில் கீறல் விழும், மர வேலைப்பாட்டின் இடுக்கில் சேறாகப் படியும். மெல்லிய தூரிகையால் தட்டி, முனையில் வலைத்துணி கட்டிய வாக்குவம் கிளீனர் குழாயால் இழுக்க வேண்டும்.

அடுக்கும் முறைக்கு வருவோம். ஆறடி அகல ஷோகேஸுக்கு ஐந்து முதல் ஏழு பொருள் தாராளம். தலைமைப் பொருளின் நடுப்பகுதி நடைபாதையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில், நிற்பவர் கண்ணுக்கு நேராக வர வேண்டும். பின்னணி கறுப்பாக இருந்தால் கண்ணாடியில் எதிர்த் தெருதான் தெரியும், அதனால் மணல் நிறம் அல்லது வெளிர் சுண்ணாம்பு நிறம் நல்லது. விளக்கு 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி) எல்இடி, நிறக்காட்டும் குறியீடு (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன், CRI) 90க்கு மேல், செங்குத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில். எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ‘டிரைவர்’ கருவியை ஷோகேஸுக்கு வெளியே வைக்காவிட்டால் சூட்டில் அதுதான் முதலில் போகும். புது பிளைவுட் மேடையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தையும் வெண்கலத்தையும் அரிக்கும். அலுமினியத் தகடு ஒட்டி, மேலே துவைத்த கோராத்துணி போர்த்த வேண்டும். வெள்ளிக்கு அடியில் கம்பளித் துணி ஆகாது, அதிலுள்ள கந்தகம் கறுப்பாக்கும். விலைச்சீட்டுக்கு ஸ்டிக்கர் வேண்டாம், பருத்தி நூல்தான். தொங்கவிடுவதற்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்கூசியைத்தான் எடுப்பார்கள். வெயில் பட்ட நைலான் நொய்ந்துபோகும். கனமான பொருளுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே சரி.

இதையெல்லாம் பழக துபாய் போக வேண்டியதில்லை. நம் கரையில் வறட்சிக்குப் பதில் உப்பு இருக்கிறது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரத்தில் முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றைத் தச்சரோடு உட்கார்ந்து அவனே செய்யட்டும். வீட்டுப் பித்தளைச் செம்பு, இரும்புப் பூட்டு, மர அஞ்சறைப்பெட்டி, மஞ்சளில் நனைத்துக் காயவைத்த பருத்தித் துணி, இவ்வளவு போதும். மஞ்சள் துணியில் பாதியை அட்டையால் மூடி வெயில்படும் பக்கம் வைத்தால், எந்த மூலையில் வெளிச்சம் கடிக்கிறது என்று சில நாளில் தெரிந்துவிடும். செம்பைப் புளி போட்டுத் துலக்கக் கூடாது. நாள்பட்ட மேல்நிறம் போனால் பழம்பொருளின் விலையும் போகும். போர்வெல் தண்ணீரில் கழுவுவதும் கூடாது, நம் மாவட்டத்து உப்புத் தண்ணீர் பித்தளையிலும் வெண்கலத்திலும் வெளிர்ப் பச்சைப் பொடியாகப் பூக்க வைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, உடனே துடைத்து உலர்த்தி, மெல்லிய மெழுகு தடவலாம். மாதம் ஒருமுறை அடுக்கை மாற்றி, பகலிலும் இரவிலும் நேர்முகமாகப் படம் எடுத்து, 1:10 அளவில் வரைபடமும் சேர்த்தால் ஆறு மாதத்தில் நல்ல போர்ட்ஃபோலியோ (வேலை மாதிரித் தொகுப்பு) ஆகிவிடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் பஸ் தூரத்தில்தான். எனாமல் டப்பா, பர்மா தேக்குச் சாமான், அச்சு ஓவியம், சீனக் களிமண் பாத்திரம் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் பார்க்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியக வெண்கலக் கூடத்தில் அரை நாள் நின்று விளக்கு விழும் கோணத்தைக் குறித்துவரச் சொல்லுங்கள். அங்குள்ள வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930இல் தொடங்கியது, இந்த அறிவுக்கு நம் மாநிலத்தின் பழைய வீடு.

சட்டமும் தெரிய வேண்டும், இதில் இளைஞர்கள்தான் மாட்டுகிறார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிலை, ஓவியம், நாணயம் முதலியவையும், 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதிகளும் தொல்பொருள். தனியார் வெளிநாடு கொண்டுபோக முடியாது, விற்க உரிமம் வேண்டும். ‘வரும்போது ஊர்ப் பழசு ஒன்று எடுத்துவா’ என்று மாமா சொன்னாலும் மறுக்கத்தான் வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் கிடைக்கும் பவளப்பாறைத் துண்டை ஷோகேஸ் அலங்காரத்துக்கு எடுப்பதும் வனவிலங்குச் சட்டக் குற்றம்.

படிப்பு: நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) சென்னையில் ஃபேஷன் கம்யூனிகேஷன் நான்காண்டு, பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். விண்ணப்பம் பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். கட்டணம் சுமை என்றால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள். பழம்பொருள் கடை மட்டுமே என்றால் வேலை குறைவு, இதை ஒளிக்க விரும்பவில்லை. ஹோட்டல், நகைக்கடை, அருங்காட்சியகக் கண்காட்சி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாமாவின் கடைக்கே போவதென்றாலும் விசிட் விசாவில் வேண்டாம், அதில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு வெளிநாட்டு வேலைக்கான நம் அரசின் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) தேவையில்லை என்பதால் பலர் எதையும் சரிபார்க்காமல் ஏறிவிடுகிறார்கள். ஏஜென்ட் மூலம் போனால் வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பதிவு எண்ணைப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கலாம் என்ற சேவைக் கட்டணம் ₹30,000மும் ஜிஎஸ்டியும்தான். மாமாவிடம் இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் பதவியின் பெயர் என்ன, ஷோகேஸ் எந்தத் திசை, இரவில் ஏசி ஓடுமா, பொருள் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா.