இயற்பியலை விடச் சொல்லாதீர்கள், அக்கா

வணக்கம் அக்கா. மகள் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் வேண்டாம், இயற்பியல்தான் எடுப்பேன் என்கிறாள், மருத்துவக் கனவு போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். எந்நேரமும் விலங்குகளின் காது எலும்புப் படங்களையே பார்க்கிறாள், இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்றும் கவலைப்பட்டிருந்தீர்கள்.

முதல் பயத்தை இப்போதே விட்டுவிடலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மருத்துவத்துக்குக் கேட்பது எச்2 நிலை (தொடக்கக் கல்லூரியில் முழுப் பாடமாகப் படிக்கும் நிலை) வேதியியல், கூடவே உயிரியல் அல்லது இயற்பியலில் ஏதாவது ஒன்று. இயற்பியல் எடுப்பதால் அந்தக் கதவு மூடாது. விண்ணப்பிக்கும் ஆண்டில் மட்டும் விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் காது. அவள் பார்ப்பது நாம் விழாமல் நிற்க உதவும் பகுதி. உட்செவியில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக இருக்கின்றன. உள்ளே திரவம். கோப்பிக்கடையில் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) கோப்பையைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள்: கோப்பை திரும்பிவிடும், தேநீர் பின்தங்கும். தலை திரும்பும்போது குழலுக்குள் நடப்பதும் அதுதான். பின்தங்கிய திரவம் கூழ் போன்ற ஒரு தடுப்பைச் சாய்க்கிறது, அதில் பொதிந்த நுண்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி சொல்கின்றன. பக்கத்திலேயே யூட்ரிகுலஸ், சாக்குலஸ் என்று இரண்டு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கும். எம்ஆர்டி ரயில் கிளம்பும்போது நாம் உணரும் இழுப்பு முக்கியமாக முதல் பையின் வேலை, வீவக அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி ஏறுவதை உணர்வது இரண்டாவதன் வேலை. எல்லாமே நிலைமமும் முடுக்கமும்தான். அவள் இயற்பியலை விட மறுப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

விலங்குகளை ஒப்பிடும்போது இது இன்னும் சுவையாகிறது. நம் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் இருக்கும் தேவாங்கு மெதுவாக நகர்வது. அதன் குழல்கள், கிளைக்குக் கிளை தாவும் கிப்பன் குரங்கினுடையதோடு பார்த்தால், உடல் அளவுக்குச் சிறியவை. திமிங்கிலங்களுக்கோ அந்தப் பெரிய உடம்புக்கு நம்ப முடியாத அளவு சிறியவை. இந்தக் குழல்களைச் சுற்றியுள்ள எலும்பு மிகவும் கெட்டியானது, அதனால் புதைபடிவங்களிலும் தங்கிவிடுகிறது. அதை ஸ்கேன் செய்து, என்றோ அழிந்துபோன விலங்கு துள்ளித் திரிந்ததா, மெல்ல ஊர்ந்ததா என்று ஊகிக்கிறார்கள். உங்கள் மகளைப் பிடித்திருப்பது இந்த வியப்பு. அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வேலைக்கு வருவோம். என் அம்மாவுக்கு ஒருமுறை படுக்கையில் புரண்டாலே அறை முழுக்கச் சுற்றியது. பக்கவாதம் என்று நடுங்கிப்போனோம். யூட்ரிகுலஸின் துகள்கள் இடம் மாறிக் குழலுக்குள் போனதுதான் காரணம். இயன்முறை மருத்துவர் தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பிப் படுக்கவைத்தார், துகள்கள் திரும்பிப் போயின, மாத்திரையே இல்லை. இந்த உறுப்பை முப்பரிமாணத்தில் மனத்தில் பார்க்கத் தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும். இயன்முறை மருத்துவத்தை சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். செவித்திறன் நிபுணர்கள் காதுக்குள் வெதுவெதுப்பான நீரோ குளிர்ந்த நீரோ விட்டுக் கண் அசைவதைப் பார்த்துச் சமநிலையைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு வழிகாட்டிய மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே செவித்திறன் துறை முதுநிலைப் படிப்பு, தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முதலில் ஒரு பட்டம் வேண்டும். காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஆவதும் ஒரு வழி, ஆனால் ஆண்டுகள் பல ஆகும். கால்நடை மருத்துவம் என்றால் வெளிநாடு போக வேண்டும், செலவை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். ஆராய்ச்சிக்கு உயிரறிவியல் பட்டம் எடுத்து மேலே போகலாம். அந்தப் பாதையில் நிரந்தர வேலை கிடைக்கத் தாமதமாகும், அதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுக்கட்டும். விரும்பும் பட்டப்படிப்பு ஏதாவது உயிரியலைக் கட்டாயம் கேட்கிறதா என்று மட்டும் பாடத் தேர்வுக்கு முன் அவளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை அவளோடு லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போய்வாருங்கள். 2015இல் ஜூரோங் தீவருகே கிடைத்த 10.6 மீட்டர் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே தொங்குகிறது. அதன் காது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னை அழையுங்கள், அக்கா.