எரிமலை இல்லாத ஊரில் எரிமலைப் படிப்பா?

"மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எரிமலைக்கு அடியில் மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, ஏறுகிறதா என்று அளக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். வங்கித் தேர்வுக்குப் படி என்றால் காதில் வாங்குவதில்லை. இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா? உயிருக்கு ஆபத்தில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆபத்தே இல்லை என்றால் அது பொய். 1993 ஜனவரியில் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை திடீரென்று வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் விஞ்ஞானிகள், சிலர் உங்கள் மகள் சொல்லும் இதே வேலைக்காக அங்கே புவியீர்ப்பு அளந்துகொண்டிருந்தவர்கள். ஆனால் இப்போதெல்லாம் எரிமலையில் தரை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை ஜிபிஎஸ் கருவிகளும் ரேடார் செயற்கைக்கோள்களும் தொலைவிலிருந்தே சொல்லிவிடுகின்றன. இந்தத் துறையில் இருப்பவர்களின் நேரம் பெரும்பாலும் கணினி முன்னால்தான் போகிறது.

அப்புறம் ஈர்ப்பை ஏன் அளக்க வேண்டும்? பூரியும் உப்பியிருக்கும், சோமாசியும் உப்பியிருக்கும். உள்ளே இருப்பது ஆவியா பூரணமா என்பது கையில் எடுத்து எடை பார்த்தால்தான் தெரியும். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் பொட்சுவோலி என்ற ஊர், காம்பி ஃபிளெக்ரேய் எரிமலைப் பள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது. 1982 முதல் 1984 வரை அந்த ஊர்த் தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஏறத்தாழ 40,000 பேரை வெளியேற்றினார்கள். எரிமலை வெடிக்கவில்லை. மேலே தள்ளியது மாக்மாவா, சூடான நீரும் வாயுவுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தரை உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. தரை ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால், பூமியின் மையத்திலிருந்து அந்த அளவு விலகிவிட்டதாலேயே ஈர்ப்பு சுமார் 3 மைக்ரோகால் குறையும். மைக்ரோகால் என்பது நாம் உணரும் ஈர்ப்பில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தக் குறைவைக் கணக்கில் சரிசெய்த பிறகும் ஈர்ப்பு கூடியிருந்தால், அடியில் புதிதாக எடை வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேட்க அழகாக இருக்கிறது. செய்வது பொறுமைக்குச் சோதனை. சுமார் எட்டு கிலோ ஈர்ப்புமானியைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு புள்ளியாக நின்று அளந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும், கருவியின் அளவே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் என்பதால். நல்ல மழை பெய்து நிலத்தடி நீர் ஏறினால் அதுவும் மாக்மா மாதிரி வேஷம் போடும். உங்கள் மகள் ஆய்வகத்தில் ஒரே அளவைப் பத்து முறை எடுக்கச் சலிக்காதவளா என்று கேட்டுப் பாருங்கள். வீடியோவில் லாவா பார்த்து வந்த ஆசை என்றால் இந்த இடத்தில் வடிந்துவிடும்.

சரி, வேலை. இந்தியாவில் எரிமலை வேலை என்று தனியாக எதிர்பார்க்காதீர்கள். நமக்கு உயிரோடு இருப்பது அந்தமான் பக்கம் பாரன் தீவு ஒன்றுதான், அங்கே குடியிருப்பே கிடையாது. ஆனால் அவள் கற்கப்போகும் அளக்கும் வித்தைக்கு எரிமலை பல இடங்களில் ஒன்றுதான். கிரேஸ் செயற்கைக்கோள்களின் ஈர்ப்பு அளவுகளை வைத்துத்தான் வடமேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர் வற்றுவதை 2009இல் கணக்கிட்டார்கள். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ரேடார் செயற்கைக்கோள், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. எரிமலை, நிலச்சரிவு, தரை அமிழ்தல் எல்லாவற்றையும் அது அளக்கும். அந்தத் தரவைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயும் தேவைப்படுவார்கள்.

பாதை இதுதான். இயற்பியலை விட வேண்டாம், கணிதத்தையும் பைத்தான் என்ற கணினி மொழியையும் பலப்படுத்தட்டும். பிறகு எம்.எஸ்சி. புவி இயற்பியல். ஐஐடி கரக்பூர், தன்பாத், ரூர்க்கி மூன்றும் இதில் பழைய கைகள். ஆராய்ச்சிக்கு ஹைதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அரசு வேலை வேண்டுமென்றால் யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு, அதில் ஜியோபிசிசிஸ்ட் (புவி இயற்பியலாளர்) பதவிக்கு இயற்பியல் எம்.எஸ்சி. படித்தவர்களும் எழுதலாம். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேராக எரிமலைதான் வேண்டும் என்றால் முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போக வேண்டியிருக்கும். உதவித்தொகை இல்லாத இடம் என்றால் வேண்டாம் என்பது என் கருத்து, இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

வங்கித் தேர்வை ஒரு வருடம் தள்ளிவையுங்கள், அது எங்கும் போகாது. வரும் விடுமுறையில் அவளே சோதித்துப் பார்க்கட்டும். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்களும், அவற்றைக் கையாளும் ஸ்னாப் மென்பொருளும் இலவசம். 2018 மே மாதம் ஹவாயின் கிலாவேயா எரிமலையில் மாக்மா வடிந்து மலையுச்சி அமிழ்ந்ததே, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை இறக்கி ஒப்பிடச் சொல்லுங்கள். லேப்டாப்பில் 16 ஜிபி மெமரியாவது இல்லையென்றால் ஒரு படம் முடிவதற்குள் விடிந்துவிடும். இப்போதைக்கு அந்தச் செலவை மட்டும் செய்து கொடுங்கள்.