பெர்த்தில் பழைய மோட்டார்ஹோம் வாங்கப் போகும் சேலத்துத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் ஒரே மூச்சில் நிறையக் கேட்டுவிட்டீர்கள். அம்மாபேட்டையிலிருந்து பெர்த்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, வாடகை கட்டுப்படியாகவில்லை, பழைய டொயோட்டா கோஸ்டர் பஸ்ஸை மோட்டார்ஹோமாக மாற்றிய வண்டி ஒன்று மலிவாக வருகிறது, கொஞ்ச நாள் குடும்பத்தோடு அதிலேயே தங்கிக்கொண்டு பள்ளி லீவில் வடக்கே தூரத்தில் இருக்கிற புரூம் ஊர் வரை போய் வரலாமா என்கிறீர்கள். பின்பக்கம் வண்டியின் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டுகிற பிராக்கெட்டில் விரிசல் இருக்கிறது, விற்பவர் ‘ஒரு மணி நேர வெல்டிங் வேலை’ என்கிறார், நம்பலாமா என்று போட்டோவும் அனுப்பியிருக்கிறீர்கள். அதோடு பாப்பாவின் பள்ளி, தமிழ் வகுப்பு, குளிர், மளிகை. இதற்கெல்லாம் பதில் சொல்ல அங்கே ஆள் நிறைய உண்டு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் நான் அந்த விரிசலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டி கை மாறும்போது அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். விக்டோரியாவில் பழைய வண்டி விற்றால் ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், குயின்ஸ்லாந்திலும் அதுபோல ஒன்று உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ரிஜிஸ்ட்ரேஷன் நடப்பில் இருந்தால் போதும், யாரும் குனிந்து பார்க்காமலே வண்டி உங்கள் பெயருக்கு வந்துவிடும். உங்கள் வண்டியை நீங்களேதான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து ஒரு நல்ல ஆளைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

லீவுக்கு இப்போது சேலம் வந்திருக்கிறேன். அதனால் உங்கள் போட்டோவைக் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் நான் வேலை கற்ற பட்டறைக்கே எடுத்துப் போனேன். மிஸ்திரிக்கு வயதாகிவிட்டது, சம்மட்டி இப்போது மகன் கையில். போனை வாங்கி, கிரீஸ் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கினார். விரிசல் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, பட்டையின் நுனியில் வளையம் போலச் சுருண்ட கண்ணுக்குள் இரும்புப் பின் நுழைகிற இடத்தில் விரலை வைத்தார். “பாரு கண்ணு, புஷ்ஷு போயிருக்குது. பின்னு நடுவுல இல்ல, கீழ எறங்கி நிக்குது. அது தட்டித் தட்டித்தான் பிராக்கெட் வெடிச்சிருக்குது. இத மட்டும் பத்தவெச்சா நாளைக்குப் பக்கத்துல வெடிக்கும்” என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் வாயால் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

பிராக்கெட் சும்மா வெடிக்காது தம்பி. கண்ணுக்குள் பின்னைச் சுற்றி இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்து ஆட்டம் விட்டால் ஒவ்வொரு குழியிலும் அந்த இரும்புப் பின் போய் பிராக்கெட்டை அடிக்கும். பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் தளர்ந்திருந்தால் பட்டைக்கட்டே ஆக்சில் மேல் நகரும். ஷாக் அப்சார்பர் செத்திருந்தால் பட்டை அளவுக்கு மேல் ஆடிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் பின்னால் எடை அதிகம். இதில் எது என்று கண்டுபிடிக்காமல் வெல்டிங் வைப்பது வீண் செலவு, ஆபத்தும்கூட.

வண்டியை மறுபடி பார்க்கப் போகும்போது டார்ச், கம்பி பிரஷ், ஒரு டேப், நீளமான கடப்பாரை எடுத்துப் போங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே சக்கர வளைவு வரை டேப்பால் அளந்து, இடது வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் பட்டை உடைந்திருக்கலாம் அல்லது தளர்ந்திருக்கலாம். பட்டை பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் உடையும்: சென்டர் போல்ட் ஓட்டையில், யூ போல்ட் பிடி முடிகிற ஓரத்தில், மெயின் பட்டையின் கண் வளைகிற இடத்தில். ஒரு பட்டை பக்கவாட்டில் நகர்ந்து பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. விரிசலிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி கோடு போல இறங்கியிருக்கும், அதைத் தேடுங்கள். கடப்பாரையை, பட்டை நுனியைச் சேசிஸோடு இணைக்கிற ஷேக்கிளுக்கும் பட்டைக் கண்ணுக்கும் இடையில் கொடுத்து நெம்பினால் புஷ் எவ்வளவு ஆடுகிறது என்று கையிலேயே தெரியும். ஜாக்கி மட்டும் வைத்துவிட்டு அடியில் போகாதீர்கள். ஆக்சில் ஸ்டாண்டு இல்லாமல் தலையை உள்ளே விடவே கூடாது. அதில் எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இன்னொன்று. மேலே வெயிலில் வெளுத்துப்போன பழைய வண்டி, அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் மினுமினுக்கிறது என்றால் நான் வாங்க மாட்டேன். துருவையும் விரிசலையும் மூட அதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு வியாபாரி இப்படிப் பூசி விற்ற வண்டியைச் சுரண்டிப் பார்த்தேன். சேசிஸ் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கீறல். நம்ம ஊர்க் குடும்பம் ஒன்று அட்வான்ஸ் கொடுத்திருந்தது. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நான் ஆஸ்திரேலியா வந்த புதிதில் எனக்கு வேலையே கிடைக்கவில்லை. பட்டறையில் இத்தனை வருஷம் இருந்தேன் என்றால் ‘சர்டிபிகேட் எங்கே’ என்பார்கள். நம்ம ஊரில் கமான் அடிக்கிறவனுக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தார்கள்? கடைசியில் வாடகைக்கு மோட்டார்ஹோம் விடுகிற ஒரு யார்டில் வண்டி கழுவுகிற வேலை கிடைத்தது. ஜூலை மாத மழையில், கிழிந்த ரெயின்கோட்டோடு, அடிப்பகுதிக்கு பிரஷர் வாஷ் அடிப்பேன். அப்படிக் கழுவும்போது ஒரு வண்டியில் மெயின் பட்டையின் கண்ணுக்குக் கீழே முடி மாதிரி ஒரு கோடு கண்ணில் பட்டது. ஃபோர்மேனிடம் சொன்னேன். அழுக்குக் கோடு என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் கெரசினும் சாக்பீஸும் கொண்டுபோனேன். பட்டறையில் கற்றுக்கொண்ட வித்தைதான். இடத்தை நன்றாகச் சுத்தம் செய்து கெரசினைத் தடவி ஊறவிட வேண்டும், பிறகு மேலே துளி ஈரமில்லாமல் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன கெரசின் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். போட்டது. அவர் ஒன்றும் பேசாமல் போய் மூன்று ஸ்பிரே டப்பா எடுத்து வந்தார். ஒன்று சுத்தம் செய்ய, ஒன்று சிவப்புச் சாயம், ஒன்று வெள்ளை டெவலப்பர். அதே இடத்தில் சிவப்புக் கோடு. அதற்கடுத்த வாரம் என்னைக் கழுவுகிற வேலையிலிருந்து ஸ்பேனர் வேலைக்கு மாற்றினார்கள். பிறகு வேலை பார்த்துக்கொண்டே டேஃப் என்கிற அரசுத் தொழிற்கல்லூரியில் படித்து அவர்கள் கேட்ட சர்டிபிகேட்டையும் வாங்கினேன். இன்று அங்கே பையன்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சாயம் டை பெனிட்ரன்ட் என்ற பெயரில் வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும். போட்டோவில் தெரியாத விரிசலும் அதில் தெரியும்.

இனி ரிப்பேருக்கு வருவோம். பட்டையில் விரிசல் என்றால் வெல்டிங் கூடவே கூடாது. அது சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் ஏற்றிய ஸ்பிரிங் ஸ்டீல். வெல்டிங் சூடு பட்ட இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். பட்டையை மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே இறுக்கத்தைத் தாங்காது, புதிதுதான் போட வேண்டும். வெல்ஷ்பூல், கியூடேல் பக்கம் லாரி வேலை செய்கிற ஸ்பிரிங் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே தளர்ந்த பட்டையை மறுபடி வளைத்துக் கமான் ஏற்றித் தருவதும் உண்டு, புதுப் பட்டை அடித்துத் தருவதும் உண்டு.

உங்கள் விரிசல் பிராக்கெட்டில் இருக்கிறது. பிராக்கெட் சாதா இரும்புத் தகடு என்றால் பத்தவைக்கலாம். ஆனால் விரிசல் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவது வேலை இல்லை. விரிசல் முடிகிற நுனியைச் சாயம் வைத்துக் கண்டுபிடித்து அங்கே சின்ன ஓட்டை போட வேண்டும், அப்போதுதான் அது மேலே ஓடாது. பிறகு விரிசல் முழுவதையும் கிரைண்டரால் வி வடிவத்தில் திறந்து அடிவரை நிரப்ப வேண்டும். விரிசல் சேசிஸ் ரெயிலுக்குள் ஏறியிருந்தால் சும்மா ஒரு வெல்டரிடம் விடாதீர்கள், சேசிஸ் வேலை தெரிந்த ஆளிடம் போங்கள். என்னைக் கேட்டால் பிராக்கெட்டையே புதிதாக மாற்றிவிடுவது நல்லது. மோட்டார்ஹோமில் இன்னொரு தலைவலியும் உண்டு. பிராக்கெட்டுக்கு நேர் மேலே பிளைவுட் தரை, ஃபோம், சில சமயம் கேஸ் லைன்கூட ஓடும். பேட்டரி வயரைக் கழற்றி, கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்து, எர்த் கிளாம்பை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, கையில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ‘ஒரு மணி நேர வேலை’ என்கிறவர் இதில் எதையும் செய்ய மாட்டார்.

எடை விஷயத்தை வந்தவர்கள் யாரும் கவனிப்பதில்லை. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. பின் ஆக்சிலுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டும் ஜெனரேட்டர் பெட்டியும் தொங்கினால் அந்தப் பாரம் முழுக்கப் பின்பட்டையில்தான் இறங்கும். உங்கள் போட்டோவிலும் பின்னால் ஒரு பெட்டி தெரிகிறது. வண்டியின் பிளேட்டில் ஜிவிஎம், அதாவது ஆளும் சாமானும் சேர்த்து வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச எடை, எவ்வளவு என்று பாருங்கள். சாதா கார் லைசென்சில் 4.5 டன் ஜிவிஎம் வரைதான் ஓட்டலாம். தண்ணீர், கேஸ், குடும்பம், சாமான் எல்லாம் ஏற்றி ஒருமுறை எடைமேடையில் நிறுத்திவிடுங்கள்.

அப்பா ஏற்காட்டு மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் இறக்கிய லாரியில் டிரைவர். இருபது கொண்டை ஊசி வளைவு, முழு லோடு, கீழ்நோக்கி. ஒவ்வொரு வளைவிலும் பாரம் வெளிச்சக்கரத்துப் பட்டை மேல் சாயும், பிரேக் பிடித்தால் முன்பட்டை அமுங்கும். அடிவாரம் வந்ததும் டீ குடிக்கப் போவதற்கு முன்னால் வீல் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு யூ போல்ட்டையும் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். இறுக்கமாக இருந்தால் கணீரென்று கேட்கும், தளர்ந்திருந்தால் மொத்தென்று கேட்கும். நானும் கூடவே நடந்து காதைக் கொடுப்பேன். ஆஸ்திரேலிய ரோட்டின் தொந்தரவு வேறு மாதிரி. வளைவே இருக்காது. மண் ரோடு கூரைத் தகரம் மாதிரி வரிவரியாக மடிந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். வடக்கே கிம்பர்லி பகுதியில் இருக்கிற கிப் ரிவர் ரோடு மட்டும் 660 கிலோமீட்டர். மலைப்பாதையில் வளைவுக்கு ஒருமுறை வாங்குகிற அடியைப் பட்டை அங்கே நிமிஷத்துக்குப் பல நூறு முறை வாங்கும். ஷாக் அப்சார்பர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், நல்ல பிராக்கெட்டே வெடிக்கும். இந்த வண்டியை அந்த ரோட்டில் இறக்காதீர்கள்.

அங்கே இருக்கிற நம்மவர்களில் சிலர் ‘கையில் கிரீஸ் ஆகிற வேலைக்கா இங்கே வந்தோம்’ என்பார்கள். வந்த முதல் மாதமே கடனில் புதுக்கார் எடுக்கச் சொல்வதும் அவர்கள்தான். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எனக்கு முதல் டூல்பாக்ஸ் கொடுத்தது ஈழத்து அண்ணன் ஒருவர். படகில் வந்து, எதுவுமில்லாமல் தொடங்கி, சொந்தமாகப் பட்டறை வைத்தவர். காசு கொடுக்கப் போனேன், வாங்கவே இல்லை. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பழகுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியில் தங்குவதாக இருந்தால் கேரவன் பார்க்கில் தங்குங்கள், கண்ட தெருவில் நிறுத்தித் தூங்கினால் கவுன்சில் அபராதம் போடும். பாப்பாவுக்குப் பள்ளி முகவரியை வைத்துத்தான் கிடைக்கும், அதனால் வீட்டு வாடகை விஷயத்தை ரொம்ப நாள் தள்ளாதீர்கள். குளிர் பழகிவிடும். வாங்குவதற்கு முன் பிபிஎஸ்ஆர் என்கிற அரசாங்கப் பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டி வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விற்பவரிடம் புஷ், பிராக்கெட், யூ போல்ட், இரண்டு பக்கப் பட்டை எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் எழுத்தில் விலை வாங்கிக் காட்டி, அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், பெர்த்தில் கோஸ்டர் இன்னொன்று வரும். வாங்கி, வேலையெல்லாம் முடித்து, புரூமுக்குக் கிளம்பினால் தார் ரோட்டிலேயே போங்கள். புது யூ போல்ட் ஓட ஓடக் கொஞ்சம் தளரும். பட்டறையில் எவ்வளவு டார்க் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, ஜெரால்டனில் டீசல் போட நிறுத்தும்போது எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிட்டு மேலே போங்கள்.