மெயினை இறக்கிய பிறகும் ஃபேன் ஒயரில் கரண்ட்!

வீட்டு வேலைகளைத் தாங்களே செய்து பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கு, ஓய்வுபெற்ற வயர்மேன் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஹாலில் பழைய சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேனை நானே மாட்டப் போகிறேன். மெயினை ஆஃப் செய்தால் போதும்தானே?
- வாசகர், மதுரை

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! இருந்தால், நீங்கள் மெயினை இறக்கிய மறுநொடியே கரண்ட் போய்விட்டது என்று எண்ணி அது சப்ளை கொடுக்க ஆரம்பித்துவிடும். ஹால் ஃபேனும் லைட்டும் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். வெளியே வருவது 230 வோல்ட்.

இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே கதைதான்; அதுவும் அதற்குக் கரண்ட் கட்தான். சரி, முன்பக்க சுவிட்சை அணைத்தால்? பல மாடல்களில் அது பேட்டரி சப்ளையை மட்டும்தான் நிறுத்தும். ஈபி கரண்ட் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இரண்டையும் செய்யுங்கள்: முதலில் இன்வெர்ட்டர் சுவிட்ச், அப்புறம் மெயின். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மெயின் பாக்ஸில் ஒரு பேப்பரும் ஒட்டுங்கள். இல்லையென்றால் மாவு அரைக்க வேண்டும் என்று யாராவது தூக்கிவிட்டுவிடுவார்கள்.

மெயினை இறக்குவதற்கு முன்பே, கரண்ட் உள்ள ஒரு பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு மேலே ஏறி, ஒயர் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் வையுங்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில் கொடுத்திருப்பார்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஃபேன் வரை பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், வந்து நிற்கும். இன்னொன்று, மர ஸ்டூலில் நின்றால் டெஸ்டர் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மல்டிமீட்டர் இருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள்.

மாட்டும்போது ஹூக்கில் உட்காரும் ரப்பர் ரீல் பொடிந்திருந்தால் பழையதையே போடாதீர்கள். போல்ட்டின் குறுக்கே போடும் பின்னின் இரண்டு கால்களையும் நன்றாக விரித்துவிடுங்கள். ஃபேன் கீழே வராமல் காப்பது அந்தச் சின்னக் கம்பிதான். பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் கனெக்‌ஷன் கொடுங்கள், பிஎல்டிசிக்கு அது ஆகாது.

மெயின் பாக்ஸில் ஓவர்லோடு ஆனால் விழும் எம்சிபி சுவிட்ச் போட்டிருக்கிறோமே, ஷாக் அடித்தால் தானாக விழுந்துவிடாதா?
- வாசகி, வேலூர்

விழாது. 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் ஓடினால்தான் அசையும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் வெளியே கசிந்தால் விழும் சுவிட்ச். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். ஆனால் அதையும் முழுக்க நம்ப வேண்டாம். ரப்பர் செருப்போடு ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், கரண்ட் எங்கும் கசியாமல் அப்படியே திரும்பிவிடும்; அது உங்களையும் ஒரு பல்ப் என்றே நினைத்துக்கொள்ளும்.

பரண் சுத்தம் செய்ய ஸ்டூல் மேல் ஸ்டூல் போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

போடலாம், பக்கத்தில் 108-க்கு போன் போட ஒருவரை நிறுத்தி வையுங்கள்! ஏணி வாங்குங்கள் அம்மா. சாய்ப்பு ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளிக் கால் ஊன்ற வேண்டும். வெளிச்சுவர் பக்கம் ஈபி லைன் போனால் அலுமினிய ஏணியை அங்கே கொண்டுபோகவே கூடாது.

புது வீட்டின் தண்ணீர் சம்ப்புக்குள் சென்ட்ரிங் பலகை அப்படியே கிடக்கிறது. மேஸ்திரி வரவில்லை. "நானே இறங்கிப் பிரிக்கிறேன்" என்கிறார் என் கணவர்.
- வாசகி, திருநெல்வேலி

வேண்டவே வேண்டாம். ஃபேன் வேலையில் கவனமாக இருந்தால் தப்பிக்கலாம், இதில் முடியாது. மூடிய தொட்டியில் ஈரப் பலகை ஊறி அழுகும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். நாற்றம் அடிக்க வேண்டும் என்பதில்லை, மூச்சு முட்டுவதும் தெரியாது; இறங்கிய சற்று நேரத்தில் ஆள் சரிந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுவார். இப்படி ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது சோதனையே அல்ல, விஷவாயு இருந்தால் அது காட்டாது.

மேஸ்திரியையே பிடியுங்கள். அவர் ஆட்களும் மூடியைத் திறந்தவுடன் இறங்கக் கூடாது. புளோயர் வைத்து வெளிக்காற்றை உள்ளே அடித்து, ஆக்சிஜனும் விஷவாயுவும் எவ்வளவு என்று கேஸ் மீட்டரில் பார்த்த பிறகு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்க, ஒருவர் இறங்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் பம்பை சம்ப்புக்குள்ளோ வாயருகிலோ ஓட்ட விடாதீர்கள், அதன் புகை உள்ளே இறங்கித் தங்கிவிடும். யாராவது மயங்கினால் மேலே இருப்பவர் கயிற்றை இழுக்கட்டும். பின்னாலேயே இறங்க வேண்டாம், 101-க்கு போன் போடுங்கள். தீயணைப்பு வீரர்களிடம் மூச்சுக்கருவி உண்டு.